தாதியரின் துணிவை மட்டும் நம்பி மருத்துவமனை நடத்தலாமா?

பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி நடக்கும்போது நமக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். மணி அடித்ததும் எழுந்திரு. புத்தகப் பையை எடுக்காதே. வரிசையாக இறங்கித் திடலில் போய் நில். ஆசிரியர் பெயரைக் கூப்பிட்டால் கையைத் தூக்கு. பேரங்காடி, அலுவலகம், தொழிற்சாலை எதுவானாலும் இதே விதிதான். கட்டடம் எரிந்தால் எரியட்டும், ஆள் வெளியே வந்தால் போதும்.

மருத்துவமனையில் மட்டும் இந்த விதி பாதியில் நின்றுவிடுகிறது. அங்கே மணி அடித்தால் எழுந்து நடக்க முடியாதவர்கள்தாம் பெரும்பாலோர். ஒருவருக்கு மூச்சையே இயந்திரம் விட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொருவருடைய இரத்தம் டயாலிசிஸ் இயந்திரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறொருவருடைய வயிறு அறுவை மேசையில் திறந்திருக்கிறது. இவர்கள் பக்கத்தில் நிற்கும் தாதியையும் மருத்துவரையும் பார்த்து, 'எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் நீ வெளியே போ' என்று எந்தச் சட்டமும் சொல்லலாம். அவர்கள் போக மாட்டார்கள். பல நாடுகளில் நடந்த விபத்துகள் இதைக் காட்டியிருக்கின்றன.

எஸ்.பி.எம். முடித்துவிட்டுத் தாதியர் பயிற்சிக்கோ மருத்துவத்துக்கோ மருந்தகத் துறைக்கோ போக நினைக்கும் மாணவர்கள் நம்மிடையே ஏராளம். ஊசி குத்திக் கிருமி தொற்றுவது, நோயாளியைத் தூக்கி முதுகு பிடித்துக்கொள்வது, இரவுப் பணியின் அலுப்பு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் ஓரளவு கேள்விப்பட்டிருப்பார்கள். தீயும் புகையும் அந்தத் தொழிலின் ஆபத்துகளில் சேர்ந்தவை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

ஜோகூர் பாருவில் ஒரு காலை

2016 அக்டோபர் 25. ஜோகூர் பாருவில் உள்ள சுல்தானா அமினா மருத்துவமனை. பழமையான அதன் முதன்மைக் கட்டடத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பற்றியது. அங்குச் சிகிச்சை பெற்றுவந்த நோயாளிகள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கட்டிலோடும் சக்கர நாற்காலியோடும் வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தத் தீ நள்ளிரவில் பிடிக்கவில்லை. காலை ஒன்பது மணியளவில், மருத்துவமனையில் மருத்துவர்களும் தாதியரும் நிறைந்திருக்கும் நேரத்தில் பிடித்தது. ஒரு மாநிலத் தலைநகரின் பெரிய மருத்துவமனை அது. அப்படியிருந்தும் ஆறு உயிர்களைக் காப்பாற்ற முடியவில்லை. இதே தீ அதிகாலை மூன்று மணிக்கு, ஒரு வார்டுக்கு இரண்டு மூன்று தாதியர் மட்டுமே இருக்கும் நேரத்தில் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முன்னாள் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் சுயேச்சை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2018-இல் அது அறிக்கையை முடித்தது. ஆனால் அந்த அறிக்கை நெடுங்காலம் அரசாங்க ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. விபத்திலிருந்து பாடம் கற்க வேண்டியவர்கள் மற்ற மருத்துவமனைகளில் வேலை செய்வோர்தாம். அவர்கள் கைக்குப் போகாத அறிக்கையால் யாருக்கு என்ன பயன்?

வெளியே போகாதவர்கள்

2011 டிசம்பர் 9. கொல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. அதிகாலையில் அடித்தளத்தில் தீப்பிடித்தது. வாகனங்கள் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்து கிளம்பிய புகை மேல்மாடிகளுக்கு ஏறியது. கண்ணாடியால் மூடிய கட்டடம் என்பதால் புகை வெளியேற வழியில்லை. 90 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று, புகை. கேரளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இளம் தாதியர் இருவர் தங்கள் வார்டிலிருந்து எட்டு நோயாளிகளை வெளியே கொண்டுவந்தார்கள். ஒன்பதாவது நோயாளியை அழைத்துவர மீண்டும் உள்ளே போனவர்கள் திரும்பவில்லை. உயிர் காத்தோருக்கான உயரிய விருதை இந்திய அரசு அவர்களுக்கு அறிவித்தது. விருதைப் பெற்றுக்கொள்ள அவர்கள் இல்லை.

2021 மே 1. கோவிட் தொற்று உச்சத்தில் இருந்த நேரம். இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் பரூச் என்னும் நகரில் கோவிட் நோயாளிகளுக்கான மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ. இறந்தவர்கள் 18 பேர். அவர்களில் இருவர் பயிற்சித் தாதியர். இதை வாசிக்கும் கல்லூரி மாணவர்களைவிட அவர்கள் அதிகம் மூத்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

2022 ஆகஸ்ட் 5. தென்கொரியாவின் இச்சோன் நகரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று. நான்காம் மாடியில் டயாலிசிஸ் மருத்துவமனை. மூன்றாம் மாடியில், மூடப்பட்ட ஓர் உள்ளரங்கக் கோல்ஃப் பயிற்சிக் கூடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. மேலே ஏறி வந்தது புகைதான். டயாலிசிஸ் இயந்திரத்தோடு குழாய்களால் இணைக்கப்பட்ட நோயாளி சட்டென எழுந்து ஓட முடியாது. இயந்திரத்தை நிறுத்தி, குழாயை அகற்றி, இரத்தம் பீறிடாமல் அழுத்திப் பிடித்து, பிறகுதான் எழுப்ப வேண்டும். அன்று நோயாளிகள் நால்வரும், அவர்களோடு இருந்த, ஐம்பது வயதை எட்டிய தாதி ஒருவரும் உயிரிழந்தார்கள். ஓடித் தப்பிக்க அவருக்கு நேரம் இருந்தது என்றே அப்போது பலர் பேசினார்கள்.

மூன்று சம்பவங்கள், மூன்று ஊர்கள். மூன்றிலும் நோயாளியோடு இருந்தவர்கள் நோயாளியோடு இறந்தார்கள்.

பாராட்டு போதாது

இப்படி ஒருவர் இறந்தால் நாம் என்ன செய்கிறோம்? 'வீரத்தாதி' என்கிறோம். மலர் வைக்கிறோம். சமூக ஊடகத்தில் படத்தைப் பகிர்கிறோம். அவர்களுக்கு அந்த மரியாதை தகும். ஆனால் அந்தப் பாராட்டோடு விஷயம் முடிந்துபோவதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்புக் கயிறு இல்லாமல் தொழிலாளி விழுந்து இறந்தால், 'கயிறு ஏன் கொடுக்கவில்லை?' என்று முதலாளியைக் கேட்கிறோம். மருத்துவமனையில் புகை மூட்டத்தில் தாதி இறந்தால் மட்டும் 'எவ்வளவு தியாகம்!' என்கிறோம். தியாகம் என்ற சொல் வந்ததும் கேள்விகள் ஓய்ந்துவிடுகின்றன. புகையைத் தடுக்கும் கதவு இருந்ததா? அது மூடியிருந்ததா? அந்தப் பணி நேரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? நோயாளியை இழுத்துச் செல்லும் விரிப்பு இருந்ததா? கடைசியாக எப்போது பயிற்சி நடந்தது? இவற்றைக் கேட்பது இறந்தவரைக் குறைத்துப் பேசுவதாகாது. அடுத்தவர் இறக்காமல் இருக்க வேறு வழியில்லை.

புகை என்ன செய்யும்?

தீ விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் தீக்காயத்தால் இறப்பதில்லை. புகையைச் சுவாசித்து இறக்கிறார்கள். வேதியியல் பாடத்தில் கார்பன் மோனாக்சைடைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு ஒட்டிக்கொள்கிறது. காற்றில் கொஞ்சம் இருந்தாலே இரத்தத்தில் இடம்பிடித்துவிடும். முதலில் தலைவலி, பிறகு குழப்பம், பிறகு மயக்கம். குழப்பம் வந்த பிறகு, 'வெளியே போக வேண்டும்' என்று முடிவெடுக்கும் அறிவே மங்கிவிடும். எட்டு பேரைக் காப்பாற்றியவர் ஒன்பதாவது முறை உள்ளே போகும்போது முன்பிருந்த தெளிவோடும் பலத்தோடும் இருப்பதில்லை. இதைத்தான் பலர் உணர்வதில்லை.

புகையில் வேறொரு நஞ்சும் உண்டு. மெத்தை நுரை, நைலான், சிலவகை நெகிழிப் பொருள்கள் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளியாகும். உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே அது தடுத்துவிடும். ஒரு வார்டில் மெத்தை எத்தனை, திரை எத்தனை, நெகிழிக் குழாய்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் எரிபொருளுக்குக் குறைவில்லை என்பது புரியும்.

இந்த இடத்தில் மருத்துவத் துறைக்குப் போகிறவர்கள் மூன்று செய்திகளை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, முகக்கவசம். கோவிட் காலத்தில் நம்மைக் காத்த என்-95 கவசம் புகையில் உள்ள நுண்துகள்களை வடிகட்டும். கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சயனைடையும் தடுக்காது. அறுவைக்கூடத்தில் அணியும் மெல்லிய கவசத்தால் இன்னும் பயன் குறைவு. 'கவசம் போட்டிருக்கிறேன், உள்ளே போகலாம்' என்று நினைப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இரண்டாவது, விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானி. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டிய ஹீமோகுளோபினையும் சாதாரண அளவுமானியால் பிரித்தறிய முடியாது. அதனால் நச்சுப் புகையைச் சுவாசித்தவருக்கும் அது 98, 99 என்று நல்ல எண்ணையே காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று வேலைக்குத் திரும்பிவிடக் கூடாது. இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

மூன்றாவது, தாமதமாக வரும் பாதிப்பு. சூடான புகை தொண்டையையும் மூச்சுக்குழாயையும் சுட்டிருந்தால் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம். குரல் கரகரப்பது, மூக்கில் கரி படிந்திருப்பது, சளியில் கருமை தெரிவது எல்லாம் எச்சரிக்கை. இரத்தத்தில் ஒட்டிய கார்பன் மோனாக்சைடு சாதாரணக் காற்றில் பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் அது பாதியாகும். ஆகவே நோயாளிகளை மீட்ட பணியாளரும் அன்றைக்கு ஒரு நோயாளிதான். அவரைப் பரிசோதிக்காமல் அடுத்த வார்டுக்கு அனுப்புவது தவறு.

எரிவதற்குத் தயாரான இடம்

மருத்துவமனையில் ஏன் எளிதாகத் தீ பரவுகிறது? காற்றில் சாதாரணமாக 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. சுவாசக் கருவிகளும் ஆக்சிஜன் குழாய்களும் ஓடும் மூடிய அறையில், கசிவு இருந்தாலோ காற்றோட்டம் போதாவிட்டாலோ அந்த அளவு கூடிவிடும். ஓரிரு விழுக்காடு கூடினாலே துணியும் மெத்தையும் எளிதாகப் பற்றும், வேகமாக எரியும். கோவிட் காலத்தில் ஒரே அறையில் பல நோயாளிகளுக்கு இடைவிடாமல் ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் பாக்தாத்தில் ஒரு கோவிட் மருத்துவமனையில் ஆக்சிஜன் உருளை வெடித்து 80 பேருக்கு மேல் இறந்ததும் அந்தக் காலத்தில்தான்.

இதோடு கைகளைச் சுத்தம் செய்யும் ஆல்கஹால் திரவம் ஒவ்வொரு கட்டில் முனையிலும் இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் மின்கருவிகள் இருக்கின்றன. ஒரே மின்செருகியில் நான்கைந்து கருவிகளை இணைத்து வைப்பதும் உண்டு. அறுவைக்கூடத்தில் மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவி, ஆல்கஹால் கலந்த தோல் மருந்து, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஒரு சாண் இடைவெளியில் சந்திக்கின்றன. அறிவியல் பாடத்தில் வரையும் தீ முக்கோணம் அங்கே நோயாளியின் உடல்மேலேயே அமைந்துவிடுகிறது.

கதவும் கைகளும்

இவ்வளவு ஆபத்து இருந்தாலும் மருத்துவமனையைப் பாதுகாப்பாக நடத்த முடியும். அதற்கான முறை உலகம் முழுவதும் தெரிந்ததுதான். எல்லா நோயாளிகளையும் மாடிப்படி வழியாக இறக்க முயல்வது கடைசி வழி. முதல் வழி, அதே மாடியில் அடுத்த பகுதிக்கு நகர்த்துவது. தீயையும் புகையையும் குறிப்பிட்ட நேரம் தாங்கி நிற்கும் சுவர்களும் கதவுகளும் வார்டுகளைப் பிரித்திருக்க வேண்டும். எரியும் பகுதியிலிருந்து அந்தக் கதவைத் தாண்டி நோயாளியைக் கொண்டுபோய்க் கதவை மூடிவிட்டால் சில நிமிடங்களாவது கிடைக்கும். தீயணைப்பு வீரர்கள் வந்து சேரும்வரை அந்த நிமிடங்கள்தாம் உயிர்.

இனி மருத்துவமனைக்குப் போகும்போது அந்தக் கதவுகளைக் கவனித்துப் பாருங்கள். நாற்காலியோ குப்பைத்தொட்டியோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்த கதவுகள் கண்ணில் படலாம். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக வசதி என்று யாரோ செய்திருப்பார்கள். அவசர வழியில் பழைய கட்டில்களும் பெட்டிகளும் கிடக்கலாம். இடப்பற்றாக்குறை காரணமாக இருக்கும். ஆனால் புகைக்கு அந்தக் காரணம் தெரியாது.

அடுத்தது கைகள். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒரு நோயாளியை நகர்த்த ஒருவர் போதாது. ஒருவர் பையைக் கையால் அழுத்திக் காற்று செலுத்த வேண்டும். மற்றவர்கள் கட்டிலைத் தள்ளவும், மருந்துக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளவும், கதவைத் திறக்கவும் வேண்டும். நான்கு பேர் தேவைப்படும் வேலைக்கு இரவில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால், எந்தத் துணிவும் மீதி இரண்டு பேருக்கு ஈடாகாது. தாதியர் பற்றாக்குறையைப் பணிச்சுமை என்று மட்டும் பேசுகிறோம். அது தீ பாதுகாப்புப் பிரச்சினையும்கூட.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது அது. அரசாங்கச் சேவையும் இதற்குள் அடங்கும். தொழிலாளர் அல்லாத பிறருடைய பாதுகாப்புக்கும் முதலாளி பொறுப்பு என்றும் சொல்கிறது. அதாவது நோயாளிகளும், பயிற்சிக்குப் போகும் மாணவர்களும் இந்தப் பாதுகாப்பில் சேர்ந்தவர்களே. 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உள்ள பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும்.

2024 ஜூன் 1 முதல் இந்தச் சட்டத்தின் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. கடமை தவறும் முதலாளிக்கான அபராதத்தின் உச்ச அளவு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகிப்போகும் உரிமையும் எழுத்தில் வந்தது. நல்ல மாற்றம். தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு இது பெரிய பலம்.

ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் தாதி இந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவார்? இயந்திரத்தை விட்டுவிட்டுப் போகலாம்; கண் விழிக்காமல் கிடக்கும் மனிதரை விட்டுவிட்டுப் போக மனம் வருமா? விலகிப்போகும் உரிமை தாதிக்கு உண்மையில் கிடைக்க வேண்டுமானால், நோயாளியையும் கூட்டிக்கொண்டு விலகும் வழி இருக்க வேண்டும். கதவு, ஆள் பலம், இழுத்துச் செல்லும் விரிப்பு, பயிற்சி இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்த வழி. இவற்றைக் கொடுக்காமல், 'உனக்கு உரிமை இருக்கிறது' என்று மட்டும் சொன்னால், அது காகிதத்தில் எழுதிய உரிமை. தாதியரைக் காப்பதையும் நோயாளிகளைக் காப்பதையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

'அதற்கெல்லாம் நேரம் ஏது?'

இதற்கு மறுப்பு வரும். மருத்துவமனைகளில் ஏற்கெனவே கூட்டம் தாங்க முடியவில்லை. நோயாளிகளை வைத்துக்கொண்டு தீ பயிற்சி நடத்தினால் அவர்களுக்குத் தொந்தரவு. பழைய கட்டடங்களைச் சீரமைக்கப் பெரும் பணம் வேண்டும். மருந்து வாங்கவே நிதி போதாதபோது கதவுக்கு எங்கே போவது?

இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. நோயாளிகளை இழுத்துக்கொண்டு பயிற்சி நடத்தச் சொல்லவில்லை. காலியான கட்டிலில் சக பணியாளர் ஒருவரைப் படுக்க வைத்து, ஒரு வார்டுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். கதவுக்கு முட்டுக்கொடுத்த நாற்காலியை எடுக்கவும், அவசர வழியில் கிடக்கும் பெட்டியை நகர்த்தவும், ஆக்சிஜன் அடைப்பான் எங்கே இருக்கிறது, அதை மூட உத்தரவிடும் பொறுப்பு யாருடையது என்று சுவரில் எழுதி ஒட்டவும் கோடிக்கணக்கில் செலவாகாது. பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகளுக்கு ஆண்டுக்கணக்கில் திட்டமிடலாம். செலவில்லாத வேலைகளை நாளைக்கே செய்யலாம். செலவில்லாதவையும் நடக்காமல் இருந்தால், குறை பணத்தில் இல்லை.

பயிற்சி யாருக்கு நடக்கிறது என்பதும் முக்கியம். வார்டைக் கூட்டித் துடைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், உணவு கொண்டுவருபவர்கள், காவலாளிகள் ஆகியோரில் பலர் குத்தகை நிறுவனங்களின் ஊழியர்கள். நம் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பலர் இந்த வேலைகளில் இருக்கிறார்கள். எந்தப் படிக்கட்டு எங்கே போகிறது, எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பயிற்சி நாளில் அவர்களையும் சேர்க்க வேண்டும். புகை சம்பளப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை.

தீயில்லாத புகை

மருத்துவப் பணியாளர்கள் அன்றாடம் சுவாசிக்கும் இன்னொரு புகையும் உண்டு. மின்சாரத்தாலோ லேசராலோ திசுவை வெட்டும்போதும் சுடும்போதும் எழும் அறுவைப் புகை. அதில் பெரும்பகுதி நீராவிதான். மீதியில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவை சிறு அளவில் கலந்திருக்கின்றன. மருக்களை லேசரால் நீக்கும்போது எழும் புகையில் அவற்றை உண்டாக்கும் வைரசின் மரபணுக்கூறும் கண்டறியப்பட்டிருக்கிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். தாதியோ நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் அந்தக் காற்றில் நிற்கிறார்.

புகை எழும் இடத்துக்கு மிக அருகில் குழாயை வைத்து உறிஞ்சி எடுக்கும் கருவிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1996-இலேயே இதைப் பரிந்துரைத்தது. 2018-இல் ரோட் ஐலண்டு மாநிலம் இதைச் சட்டமாக்கியது. வேறு மாநிலங்களும் பின்பற்றின. பரிந்துரை சட்டமாக ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது. பெரிய தீ விபத்து நடந்தால் செய்தி வரும், விசாரணை வரும். மெல்ல மெல்ல உள்ளே போகும் புகைக்கு விசாரணைக் குழு அமைப்பதில்லை. நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா?

மாணவர்கள் என்ன செய்யலாம்?

'நான் மாணவன், நான் சொல்லி யார் கேட்பார்?' என்று நினைக்க வேண்டாம். பயிற்சி மாணவருக்கு ஒரு பலம் உண்டு. அவர் எதையும் கேட்கலாம். புதியவர் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வார்டுக்குப் பயிற்சிக்குப் போகும் முதல் நாளில் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

தீ எச்சரிக்கைப் பொத்தான் எங்கே இருக்கிறது? இந்த வார்டிலிருந்து நோயாளிகளை அதே மாடியில் எங்கே கொண்டுபோக வேண்டும்? ஆக்சிஜன் அடைப்பான் எங்கே, யார் சொன்னால் அதை மூட வேண்டும்? நடக்க முடியாத நோயாளியை நகர்த்தும் விரிப்பு எங்கே இருக்கிறது? இங்குக் கடைசியாக எப்போது பயிற்சி நடந்தது?

ஐந்துக்கும் உடனே பதில் வந்தால் அது பொறுப்பாக நடத்தப்படும் வார்டு. பதில் வராவிட்டால், உங்கள் கேள்வியால் ஒரு மூத்த தாதியாவது அன்றைக்குப் போய்த் தேடிப் பார்ப்பார். அதுவே ஒரு நன்மை.

நான்கு படிகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உடனடி ஆபத்தில் இருப்பவரை மீட்பது. எச்சரிக்கை மணி அடித்து, 999-ஐ அழைப்பது. கதவுகளை மூடித் தீயையும் புகையையும் அடைப்பது. தீ சிறியதாக இருந்து, பின்னால் தப்பிக்க வழியும் இருந்தால் மட்டும் அணைப்பது, இல்லையேல் வெளியேற்றுவது. மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம். புகை மேலே ஏறும் என்பதால் குனிந்தோ தவழ்ந்தோ செல்லுங்கள். புகை அடைத்த அறைக்குள் மீண்டும் நுழைவது மூச்சுக்கருவி அணிந்த தீயணைப்பு வீரரின் வேலை. நீங்களும் மயங்கி விழுந்தால் அவர் காப்பாற்ற வேண்டியவர்கள் இன்னும் ஒருவர் கூடிவிடுவார்.

இந்தக் கடைசி வரியை வகுப்பறையில் சொல்வது எளிது. பெயர் சொல்லி அழைத்துப் பழகிய ஒரு நோயாளி உள்ளே கிடக்கும்போது கடைப்பிடிப்பது கடினம். அந்தக் கடினமான முடிவை இருபது வயதுப் பெண்ணின் தலையில் கட்டாமல் இருப்பதுதான் மருத்துவமனையின் பொறுப்பு; மருத்துவமனைகளை நடத்தும் அரசாங்கத்தின் பொறுப்பு; அவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் எல்லாருடைய பொறுப்பும்கூட. கொல்கத்தாவின் அந்த இரு தாதியருக்கும் விருது கொடுத்தது சரி. நம் நாட்டில் அப்படியொரு விருதுக்கு யாரும் தேவைப்படாத வார்டுகளை நாம் கேட்டு வாங்க வேண்டும்.